எட்டெழுத்துக் கட்டம்

“உங்க தோட்டத்துப் பேரெல்லாம் ஏன் ரயில் மாதிரி நீளுது?” என்று கஜேந்திரன் சேர் ஒருமுறை யோகவாணியிடம் கேட்டார். மண்சரிவை முன்கூட்டிச் சொல்லும் கணினி நிரலை ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதியவர் அவர். பதுளை அலுவலகத்தில் அதற்கு ஊர்ப் பெயர்களையும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் பெயர்களையும் தட்டச்சு செய்பவள் அவள். பெயர் வரிசையில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு, எட்டு எழுத்து. மிஞ்சியதை நிரல் வெட்டிவிடும்.

“பத்துக்காம்பரா மேட்டு லயம், பத்துக்காம்பரா பள்ளத்து லயம். வெட்டினா ரெண்டும் ஒன்னாயிரும் சேர். பேருக்குத் தக்க எடம் குடுக்க ஏலாதா?”

“ஏலும். யாரு மெனக்கெடுறது? லயத்துக்குச் சின்னதாப் பேரு வைக்கச் சொல்லு, புள்ள.”

ஐப்பசி மழையில், இரண்டு பெயரும் ஒன்றாகிப்போனதால், எச்சரிக்கை மேட்டு லயத்துக்கு மட்டும் போனது. பள்ளத்து லயத்தில் யோகவாணியின் அக்காவும் கைக்குழந்தையும் மண்ணுக்குள் போனார்கள்.

இன்று காலை கஜேந்திரன் நிரலை ஓட்டியபோது, ஆபத்தான இடங்களில் முதலாவதாக ‘கஜேந்திரன் வீடு, பதுளை’ என்று வந்தது. அப்படியொரு பெயரை யாரும் ஏற்றியிருக்கவில்லை. கட்டத்தின் அளவைப் பார்த்தார். எட்டுதான். மறுபடி ஓட்டினார்.

‘கஜேந்திரன் வீடு, பதுளை, பின்னறை.’

மூன்றாம் முறை இன்னும் நீண்டது.

‘கஜேந்திரன் வீடு, பதுளை, பின்னறை, மகள் காய்ச்சலோடு படுத்திருக்கும் கட்டில்.’

“நீயா புள்ள இத அடிச்ச?”

“எனக்கு ஒங்க வீடே தெரியாது சேர்,” என்றாள் யோகவாணி. அது உண்மை. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்திருந்தது. “இன்னொருக்கா ஓட்டட்டா?”

வெளியே மழை பிடித்தது. நாற்காலி சாய்ந்து விழ அவர் எழுந்தார். மழைக்குள் இறங்கி ஓடினார்.