பன்னிரண்டாவது படம்

ஆயம்மாளின் விரல் மறுபடியும் தப்பான இடத்தில் விழுந்தது. பாடுபட்டு எடுத்த கூடைப் படம், அளவு, விலை எல்லாம் போனிலிருந்து ஒரேயடியாக மறைந்துபோயின.

சந்தியா கண்களை மூடிக்கொண்டாள். பஸ் ஏறாத அந்தக் கல்ரோட்டில் ஐந்து மாதமாக வாரம் தவறாமல் ஜீப்பில் குலுங்கி வருகிறாள். கல்வராயன் மலைப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு, அவர்கள் பின்னும் கூடையையும் முறத்தையும் போனிலேயே விற்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

பதினொரு பேர் தேறிவிட்டார்கள். ஆயம்மாளும் தன் கையால் ஒரு படம் ஏற்றிவிட்டால் பயிற்சி முடிந்தது. சந்தியாவுக்குக் கள்ளக்குறிச்சி ஆபீசில் நாற்காலி. அவள் முதுகுவலிக்கு டாக்டர் சொன்ன வைத்தியமும் அதுதான்.

"'அழிக்கவா'ன்னு தமிழ்லதானேக்கா கேக்குது? எதுக்கு ஆமான்னு அழுத்துறீங்க?"

"கை அதும்பாட்டுக்குப் பூடுதுங்க."

பக்கத்தில் மூங்கில் பிளாச்சு சீவிக்கொண்டிருந்த அம்சவள்ளி சிரித்தாள். "மூங்கிலை நூலு மாரி கிழிக்கிற கை. போனைத் தொட்டா மட்டும் ஒலக்கையாயிடுது."

ஆயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஐந்தாவது வாரமாகச் சொன்னாள் சந்தியா. திட்டவும் தெம்பில்லை.

வெளியே ஜீப் தயாராக நின்றது. ஆயம்மாளின் தங்கை ரம்யா, ஏழு மாத வயிற்றோடு, வழக்கம்போல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ரத்தம் கம்மி; வாரம் ஒரு ஊசி, கீழே ஆஸ்பத்திரியில். மதியம் ஒரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

கிளம்புவதற்கு முன் பதினொரு பேரின் படங்களை ஆபீசுக்கு அனுப்பியாக வேண்டும். சந்தியாவின் போனில் சிக்னல் இல்லை. தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பாறைமேல் ஏறினாள், இறங்கினாள். அரை மணி நேரம் அப்படியே கரைந்தது. டிரைவர் தனசேகரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் தாமதித்தால் இன்றைக்கு ஊசி கிடையாது என்று முணுமுணுத்தான்.

ஆயம்மாள் விறுவிறுவென்று வந்து சந்தியாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். மலையில் சிக்னல் எடுக்கிற சிம் அவளுடையது. தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இதில் சேர்த்தாள். படங்களின் அளவைக் குறைத்தாள். பதினொன்றையும் மொத்தமாக அனுப்பினாள். இரண்டே நிமிடம். விரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

சந்தியா போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் தெரிஞ்சேவா அஞ்சு வாரமா அழிச்சீங்க? இன்னாத்துக்குக்கா?"

ஆயம்மாள் ஜீப்புக்கு வெளியே தொங்கிய தங்கையின் முந்தானையை எடுத்து உள்ளே விட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நான் பாஸாயிட்டா இந்த ஜீப்பு வராதுங்களே."