நேர் விமானம் இல்லை

"நேர் ஃப்ளைட் கெடையாது லாத்தா. துபாய்ல எறங்கி ஏறணும், அப்புறம் கோலாலம்பூர்ல மாறணும். பினாங்கு வந்து சேர இருபது மணி நேரம் ஆயிரும்லா."

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் தம்பி யூசுப், அக்கா ஃபஸீலாவிடம் வாட்ஸ்அப்பில் சொன்னான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். பெருநாளுக்கு வா என்றாலும் இதே பாட்டு, உம்மா விழுந்து இடுப்பு ஒடிந்தபோதும் இதே பாட்டு.

இன்று உம்மாவே இல்லை. பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். மகன் வருவதாயிருந்தால் நாளைவரை பொறுக்கலாம் என்று சிக்கந்தர் மாமா பள்ளிவாசலில் பேசி வைத்திருந்தார். மய்யித்தைக் காக்க வைக்கலாமா என்று நாலு பேர் முணுமுணுத்தும் மனிதர் அசையவில்லை. கூடப் பிறந்தவளின் கடைசி ஆசையாயிற்றே.

என் பிள்ளைதான் என்னைக் கபரில் இறக்கணும் என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினாள் ஹபீபா பீவி. அதையும் யாரிடம் சொன்னாள்? மூன்று வருஷமாகப் பீ மூத்திரம் அள்ளிய மகள் ஃபஸீலாவிடம். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

ஃபஸீலாவுக்கு வலித்தது. வலிக்காமல் என்ன? ஆனாலும் வராந்தாவில் நின்று தம்பியிடம் கெஞ்சினாள்.

"நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கோம் தம்பி. கெளம்பி வந்துரு."

"எப்படி லாத்தா? இங்க இன்னும் விடியவே இல்ல."

அதற்குள் கீழே பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு ஒலித்தது. ஃபஸீலா முக்காட்டை இழுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பாங்கு சொல்லும்போது பேசக் கூடாது என்பது உம்மாவின் வளர்ப்பு.

அந்த அமைதியில் போனுக்குள்ளும் ஒரு பாங்கு கேட்டது. எதிரொலியோ என்று பார்த்தாள். இல்லை, குரல் வேறு.

"சுபுஹு பாங்கு லாத்தா. போன்ல வெச்சிருக்கேன்" என்றான் யூசுப் அவசரமாக.

சரிதானே, அங்கே விடியற்காலம். தொழுகையையாவது விடாமல் இருக்கிறானே என்று அவளுக்கு மனம்கூடக் குளிர்ந்தது.

தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று விடியற்காலைப் பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வரும். பழக்கதோஷத்தில் ஃபஸீலா அதற்காகக் காத்திருந்தாள்.

அந்த வரி வரவேயில்லை. பாங்கு முடிந்துவிட்டது.

அது நண்பகல் பாங்கு. இந்த ஊர் நேரத்துக்குச் சொன்ன பாங்கு.

"யூசுப், நீ இப்ப இருக்கிற எடத்துலேருந்து காடிய ஓட்டிட்டு வர எவ்வளவு நேரமாகும்?"

சட்டென்று போன் துண்டிக்கப்பட்டது.

உள்ளே போனாள். சிக்கந்தர் மாமா எழுந்து நின்றார்.

"என்னம்மா சொல்றான்? எப்ப எறங்குறானாம்?"

"அவன் வரல மாமா. எடுத்துருங்க."

"பாவம், அவன் என்ன செய்வான்? அவ்வளவு தூரம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மாமா.

ஃபஸீலா ஆமாம் என்று தலையாட்டினாள். உம்மாவை முன்னால் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.