அப்டேட்டை அமுக்கியவள்

திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடிவந்து, மறுபடியும் அதே வரியில் நின்றன.

அவள் அந்த வரியை நோட்டில் எழுதி, எதிரே 'முயற்சி 7' என்று போட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திரையின் மூலையில் 'அப்டேட் செய்யவா?' என்று ஒரு கேள்வி வந்தது. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது அவளுக்குப் பழக்கமில்லை. அமுக்கினாள். அன்றைக்குப் படுத்த கம்ப்யூட்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இன்று சனிக்கிழமை. நாலு நாளாகக் கணவரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கம்ப்யூட்டரை எழுப்பி, அவரையும் பேச வைக்காமல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அவர் பின்னால் ஜன்னலோரம், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். பக்கத்தைத் திருப்பி ஒரு மணி நேரம் இருக்கும். டீ வேண்டுமா என்று கேட்டால் தலை மட்டும் ஆடும். பேசத்தான் மாட்டார், எழுதியாவது காட்டட்டும் என்று அவள் ஒரு சின்ன வெள்ளைப் பலகையைப் பக்கத்தில் வைத்திருந்தாள். பேனாவின் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. கோபம் வந்தால் முழுசாக வரும் மனுஷன்.

அது கடையில் அப்படியே வாங்கிய கம்ப்யூட்டர் இல்லை. அவருக்கு வேண்டிய ஒரே ஒரு நிரல் ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்தில்தான் ஓடும். அந்த இயங்குதளமோ, அதைச் செய்த கம்பெனியின் பெட்டியைத் தவிர வேறெதிலும் கால் வைக்காது. அவள் தம்பிதான் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டி, ஒரு பென் டிரைவில் பன்னிரண்டு உதவிக் கோப்புகளைப் போட்டு, இதை அந்தக் கம்பெனிப் பெட்டியாக ஆள்மாறாட்டம் செய்ய வைத்திருந்தான். போகும்போது சொன்ன ஒரே புத்திமதி, அப்டேட் கேட்டால் காதில் விழாத மாதிரி இருக்க வேண்டும் என்பது.

போனில் இருந்தான் அவன்.

"நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டியேக்கா."

"ஊதினது ஊதியாச்சு. அடுத்தது என்ன, அதைச் சொல்லு."

"அத்தான் எப்படி இருக்கார்?"

"உர்ருன்னு உட்கார்ந்திருக்கார். நீ அடுத்ததைச் சொல்லு."

பன்னிரண்டில் ஏதோ ஒன்றுக்குப் புது அப்டேட்டோடு ஒத்துப்போகவில்லை. எது என்று அவனுக்கும் தெரியாது. நான்கு நான்காக எடுத்துப் பார், சீக்கிரம் முடியும் என்றான். அவள் கேட்கவில்லை. அலுவலகப் பதிவேட்டு அறையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். ஒரு கோப்பை எடுத்த இடத்தில் திரும்ப வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள். இதுவரை ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை.

பென் டிரைவைப் பழைய லேப்டாப்பில் செருகினாள். ஏழாவதைத் திரும்ப வைத்தாள். எட்டாவதை எடுத்தாள். கம்ப்யூட்டருக்கு மாற்றி, பொத்தானை அழுத்தினாள்.

எழுத்துகள் ஓடின. நிற்கும் வரியைத் தாண்டின. எட்டாவது அடியில் அம்மி நகர்ந்துவிட்டது. நீல வானமும் மலையுமாகத் திரை விரிந்தது.

பின்னால் செய்தித்தாள் மடிக்கப்படும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சா? எட்டாவது எந்தக் கோப்புக்கா?" என்றான் தம்பி போனில்.

அவள் கோப்பின் பெயரைப் படித்தாள். அது ஒலிக்கான கோப்பு.



படம் வந்துவிட்டது, சத்தம் போய்விட்டது. வேறு வீடாக இருந்தால் இதுவே போதும் என்று சாப்பிடப் போயிருப்பார்கள். அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

அந்தக் கோப்பின் புதிய வடிவத்தைத் தம்பி தேடி அனுப்பினான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஒலிச் சில்லுக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். பழைய எண் இதற்கு ஆகாது. பொருந்தக்கூடியவை ஒன்றில் தொடங்கி நூறுக்குள் விட்டுவிட்டு மொத்தம் இருபது இருந்தன. எது என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"இருபதாக்கா, நாளைக்குப் பார்த்துக்கலாமே."

"இருபதுதானே," என்றாள்.

ஒன்று. தொடங்க நான்கு நிமிடம். சத்தமில்லை. இரண்டு. மூன்று. ஐந்து. ஏழு. ஒவ்வொன்றையும் எழுதி அடித்தாள். சோறு ஆறியது. ஜன்னல் வெயில் மேஜைக்கு ஏறி, விசைப்பலகையைத் தாண்டிப் போனது. எப்போது நகர்த்தினாரோ, அவருடைய நாற்காலி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

இருபத்தெட்டு என்ற எண்ணைப் போட்டபோது ஒலிபெருக்கி 'டொப்' என்றது. தொண்டையைச் செருமுவது போல ஒரு சின்னச் சத்தம்.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியோடு ஒதுங்கி, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் இரண்டு விரலால் தட்டினார். நிறுத்தினார். ஒரு எழுத்தை அழித்துத் திருத்தினார். முகத்தில் உர் மாறவில்லை. கடைசி விசையைத் தட்டினார்.

"அப்டேட்ல கை வைக்காதேன்னு உன்கிட்ட எத்தனை தடவைடி சொல்றது?" என்றது ஒலிபெருக்கி.

அவருடைய குரல்தான். ஆபரேஷனில் குரல்வளையை அறுத்தெடுப்பதற்கு முந்தைய வாரம், ஜன்னலில் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க அவர் படித்துக் கொடுத்த முந்நூறு வாக்கியங்களிலிருந்து பெட்டி கற்றுக்கொண்ட குரல். அன்று பிடித்திருந்த ஜலதோஷம்கூட அதில் அப்படியே இருந்தது.

அவள் நோட்டில் இருபத்தெட்டுக்கு எதிரே 'சரி' என்று எழுதினாள். பிறகு கையை நீட்டி ஒலியைக் கூட்டினாள்.

"சரியாக் கேக்கலை. இன்னொரு தரம் திட்டுங்க."