கண்ணாடியில் ஒரு பொட்டு

முகத்தைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் நின்றாள். ஈரம் காய்வதற்குள் க்ரீம் போட்டுவிட வேண்டும்.

அக்கா சொல்லிக்கொடுத்தது.

பட்டாணி அளவு போதும். தேய்க்கக் கூடாது. தட்ட வேண்டும். அதன் மேல் பவுடர், துளி. உதட்டுக்கு நிறம், விரலால் ஒற்றி.

போட்டதே தெரியக் கூடாது.

தெரிந்தது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அக்காவின் பழைய டப்பாவைக் கடையில் காட்டி அவர் வாங்கி வந்த பவுடர். அக்கா சிவப்பு. இவள் மாநிறம்.

அக்கா செத்து வருஷம் திரும்புவதற்குள் அக்கா புருஷனுக்கே இவளைக் கட்டிவைத்தார்கள். குழந்தைக்காக.

பவுடரைக் கழுத்துக்கும் இழுத்துவிட்டாள்.

எதிர்வீட்டு ரெஜினா அக்காவுக்கு இது பிடித்திருக்கிறது. "ஒண்ணுமே பூசாம எவ்ளோ லட்சணம் பாரு! அப்படியே உங்கக்காவை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கடி."

குழந்தைக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. சோறு ஊட்டும்போதெல்லாம் கேட்கும். சித்தி, அம்மா எப்ப வரும்?

கண்ணாடியில் அக்காவின் பொட்டு. குளிக்கும் முன் தன் பிம்பத்தின் நெற்றியிலேயே ஒட்டிவைப்பாள். கடைசியாக ஒட்டியதை அவள் எடுக்கவில்லை. பிறகு யாரும் எடுக்கவில்லை.

அக்கா உயரம். இவள் நேராக நின்றால் பொட்டு தலைக்கு மேலே நிற்கும். தினமும். யாரோ பின்னால் நிற்பது போல.

இன்று பிய்த்துவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

நகத்தை வைத்தாள். பசை இறுகிக் கிடந்தது. கிட்டே பார்க்க எம்பினாள்.

பொட்டு இறங்கி வந்து நெற்றியில் உட்கார்ந்தது.

விரலை எடுத்துவிட்டாள்.

பவுடர் இப்போது பொருந்தியிருந்தது.

பின்னால் கதவு அசைந்தது. தூக்கம் கலையாத சின்னக் கால்கள். நிலைப்படியில் நின்றன.

உள்ளே வரவில்லை. முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அக்காவின் பழைய நைட்டி. அக்காவின் உயரம்.

"அம்மா?"

இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்குத்தான் இவள் காத்திருந்தாள்.

திரும்பவில்லை.

கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது. வாஷ்பேசினை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

குதிகாலைக் கீழே வைக்கவில்லை.