மூன்றாம் அத்தியாயம்

மேஜை மேல் இரண்டு புத்தகங்கள். ஒன்று நீல அட்டை, மற்றது பழுப்பு. இரண்டுமே பின்காலனிய இலக்கிய ஆய்வுகள். முதுகலை வகுப்புக்கு எதைப் பாடமாக வைப்பது?

பாடக்குழுவில் நீலத்துக்கு இரண்டு கை உயர்ந்தாயிற்று, பழுப்புக்கும் இரண்டு கை. பாக்கி அவள் கைதான்.

நீலத்தை எழுதியவர் பேராசிரியர். பாடக்குழுத் தலைவரும் அவரே. தனக்கு ஓட்டுக் கிடையாது என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவரும் அவர்தான். ஆறு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளராக அல்லாடுகிறவளை நிரந்தரமாக்கும் கடிதமும் அவர் ஃபைலில்தான், கையெழுத்துக்காகக் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த மனிதர்தானா!

நீலம் என்றால் வேலை. பழுப்பு என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நீலத்தில் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தாள். அவள் ஆய்வு மாணவியாக அவரிடம் கொடுத்த முதல் வரைவு, வரிக்கு வரி அப்படியே. நன்றி என்று ஒரு சொல் கிடையாது. இதுவரை அவள் வாயைத் திறந்ததில்லை.

அடிக்குறிப்பில் விரல் நின்றது.

“சார், இங்க பத்துப் பக்கத்துக்கு ஒரு நாவலைப் பத்திப் பேசியிருக்கீங்க. பாடத்துல வர்ற நாவலெல்லாம் லைப்ரரில இருக்கணும்னு நம்ம குழுவே விதி போட்டிருக்கு. இது எங்க கிடைக்கும்?”

மற்ற நான்கு பேரும் நிமிர்ந்தார்கள்.

பேராசிரியர் அசரவே இல்லை.

“என்கிட்ட இருக்கும்மா. ரெண்டு தடவை படிச்சிருக்கேன். அட்டைதான் கொஞ்சம் கிழிஞ்சுபோச்சு.”

அவள் புத்தகத்தை மூடினாள்.

அவள் ஆய்வு மாணவியாக இருந்தபோது எத்தனை பக்கம் கொடுத்தாலும் மறுநாளே ‘நன்று’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார். மனிதர் படிக்கத்தான் செய்கிறாரா என்று சோதிக்க, அப்படியொரு நாவலையும் அதை எழுதியவரையும் அவளே ஒரு மத்தியானம் உட்கார்ந்து கற்பனை செய்து, பத்துப் பக்கம் எழுதி வரைவில் சேர்த்தாள். அதற்கும் ‘நன்று’தான் வந்தது. பயந்துபோய்த் தன் ஆய்வேட்டிலிருந்து அந்தப் பத்துப் பக்கத்தையும் எடுத்துவிட்டாள். அவர் நகலெடுத்து வைத்திருந்த முதல் வரைவில் அது அப்படியே தங்கிவிட்டது.

“அப்ப நாளைக்கே கொண்டு வந்துடுங்க சார், எல்லாரும் பாக்கட்டும்,” என்றவள், பழுப்புக்குக் கை தூக்கினாள்.