மேலே ஒரு டொக் டொக்

"இப்ப வருதா?"

"இல்லக்கா. நீ கேட்டதும் நின்னுடுச்சு," என்றான் தம்பி.

தம்பி இருந்தது, பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விண்கலத்தில், தன்னந்தனியாக. அக்கா இருந்தது கீழே, கட்டுப்பாட்டு அறையில், காதை முழுக்க மூடிய ஹெட்போனோடு. விமானமோ விண்கலமோ, எங்கே விநோதமாகச் சத்தம் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் அவளுக்குப் 'பாம்புக்காது' என்றே பெயர். விமானத்தின் இறக்கைக்குள் கழன்று கிடந்த திருகாணியை, ஓடுபாதையில் நின்றபடியே கண்டுபிடித்தவள். கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். அதை வைத்து அவள் எழுதித்தான் யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பாம்புக்காதுக்கே இந்த முறை ஒரு சத்தம் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக் என்று, விண்கலத்தின் சுவரை யாரோ வெளியிலிருந்து தட்டுவதுபோலத் தம்பிக்குக் கேட்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தால் நின்றுவிடும். 'என்னவாக இருக்கும்?' என்று யோசிக்க ஆரம்பித்தால் மறுபடி வந்துவிடும்.

சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் கலத்தைக் கீழே இறக்கிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். சுவர் விரிசல் விடுகிற சத்தமாக இருந்தால் என்ன செய்வது என்ற அவர் பயத்திலும் நியாயம் இருந்தது.

ஆனால் இந்தப் பயணத்துக்காகக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டவன் தம்பி. பாதியில் இறக்கினால் இன்னொரு வாய்ப்பு வராது. அவன் தனியாக இருக்கிறானே, மனுஷக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று, தன் மேசை மைக்கை யாரும் அணைக்கக் கூடாது என்று முதல் நாளே கட்டளை போட்டவள் அவள். அவனை ஏமாற்றத்தோடு இறக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை. விரிசல் என்றால் மேலே விட்டுவைக்கவும் மனசு வரவில்லை. எது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

காலையிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னாள். மின்விசிறியை நிறுத்தினான், சத்தம் வந்தது. பம்பை நிறுத்தினான், அப்போதும் வந்தது. விளக்குகளை அணைத்து இருட்டில் உட்கார்ந்து பார்த்தான். இருட்டுக்கும் அது பயப்படவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி சார். ரேடியோ."

இயக்குநர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ரேடியோவையும் அணைத்துவிட்டால், ஏதாவது ஆனால் அவன் கூப்பிடக்கூட முடியாதே என்றார்.

"உங்களுக்கு அவன் பைலட். எனக்குக் கூடப்பிறந்தவன். நானே துணிஞ்சு கேக்கறேன், விடுங்க சார்."

ரேடியோ அணைந்தது. ஹெட்போனில் இரைச்சல்கூட இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேசிவைத்த நேரம் முடிந்து ஹெட்போனில் அவன் குரல் வந்தபோதுதான் மூச்சே வந்தது.

"வந்துச்சா?"

"பொட்டுச் சத்தம் இல்லக்கா. ஊசி விழுந்தாக் கேக்கும். இங்க ஊசி விழாதுங்கறது வேற விஷயம்."

இயக்குநர் முகத்தில் அன்று முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. அப்படியென்றால் சுவர் இல்லை, விரிசல் இல்லை. சத்தம் ரேடியோ வழியாகத்தான் வருகிறது. தம்பியை இறக்க வேண்டியதில்லை என்று அவர் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் அவள் விடுவதாக இல்லை. ரேடியோவில் எங்கே கோளாறு? ஸ்பீக்கரிலா, வயரிலா? நாற்காலியை மேசையருகே இழுத்துப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"அக்கா, வந்துடுச்சு. மத்தது எதுவும் ஓடலையா, இப்பதான் தெளிவாக் கேக்குது."

"எப்படி இருக்கு? சரியாச் சொல்லு."

மேலேயிருந்து அவன் சிரிப்பதுதான் கேட்டது.

"அக்கா, சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே மேசையில படிப்போமே. கணக்கு வரலைன்னா நீ என்ன பண்ணுவ?"

அவள் கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். வலது கையில் இருந்த பேனா, மைக்குக்குப் பக்கத்தில், மேசையை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.