நடைபாதை ஸ்வெட்டர்

கார்த்திகை பிறந்ததும் நடைபாதையில் ஸ்வெட்டர் கடைகள் வந்துவிட்டன. அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. வருடாவருடம் ஜெசிந்தாவுக்குக் கண்ணாடி வேலையைச் செய்பவள் தோழி மெஹர்தான். இந்த வருடம் சண்டை. யார் முதலில் பேசுவது என்பதிலேயே நாற்பது நாள் போய்விட்டது.

ஜெசிந்தா மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டு, எப்படி இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"சூப்பர்க்கா."

பச்சைக்கும் அதையே சொன்னார்.

நிமிர்ந்தால், எதிரே மெஹர் சால்வை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா வாயைத் திறக்கவில்லை. பச்சை ஸ்வெட்டரோடு அவள் கண்ணில் படும்படி மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். மெஹர் சால்வையில் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஜெசிந்தா மறுபடியும் சுற்றினாள். சால்வை குலுங்கியது.

"கழட்டுடி. கேஸ் சிலிண்டருக்கு உறை போட்ட மாதிரி இருக்கு."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப மஞ்சளு?" என்றாள்.